கடலோர ஊரில் கம்ப்யூட்டர்: அடிக்கடி கிராஷ் ஆவது ஏன்?

வேலை செய்து கொண்டிருக்கும்போதே உங்கள் கம்ப்யூட்டர் திடீரென நின்று விடுகிறதா? நீல நிறத் திரை தோன்றித் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறதா? காலையில் சுறுசுறுப்பாக இருந்தது, அரை மணி நேரத்தில் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கி விடுகிறதா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இந்தப் புகாருடன் கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பார்மட் பண்ணிடலாம் சார்."

காரைக்காலில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த வைத்தியம் ஆறு மாதத்தில் இரண்டு முறை நடந்தது. முதல் முறை பார்மட் செய்தவர் சி டிரைவை மட்டும் அழிக்கவில்லை. டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாகப் பிரித்தார். அக்கா தன் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். யார் எவ்வளவு சேமித்தார்கள், யார் கடன் வாங்கினார்கள், எத்தனை தவணை பாக்கி என்று இரண்டு வருடக் கணக்கு எக்ஸெல் பைலில் இருந்தது. அது போயே போய்விட்டது. பழைய நோட்டுகளைப் பார்த்து மூன்று வாரம் உட்கார்ந்து மறுபடியும் டைப் செய்தார். நோட்டில் எழுதாமல் நேராகக் கம்ப்யூட்டரில் போட்ட சில மாதக் கணக்குக்கு, ஒவ்வொரு வீடாகப் போய்ப் பாஸ்புக்கை வாங்கிப் பார்க்க வேண்டியிருந்தது. "என்மேல சந்தேகப்பட்டு யாரும் எதுவும் கேக்கல தம்பி. ஆனா கேட்டுடுவாங்களோன்னு ஒவ்வொரு வாசப்படி ஏறும்போதும் இருந்துச்சு" என்றார்.

மூன்றாவது முறையாகக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தபோது எனக்குப் போன் வந்தது. அடுத்த வாரம் வங்கியில் குழுக் கடனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கடைக்காரர் மறுபடியும் பார்மட் என்கிறார். "ஒண்ணும் செய்யச் சொல்லாதே, பிளக்கைப் பிடுங்கி வை, வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். அங்கே நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். காரைக்காலில் மட்டுமல்ல, நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி, பூம்புகார் என்று கடற்காற்று படும் எந்த ஊரில் நீங்கள் இருந்தாலும் இது பொருந்தும்.

முதல் வேலை ரிப்பேர் அல்ல

கிராஷ் ஆகும் கம்ப்யூட்டரில் முதலில் செய்ய வேண்டியது பைல்களை வெளியே எடுப்பது. எந்தச் சோதனையும் அதற்குப் பிறகுதான். ஹார்ட் டிஸ்க் பழுதாகிக் கொண்டிருந்தால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு சோதனையும் அதன் கடைசி மூச்சைக் குறைக்கும்.

அக்கா வீட்டு இயந்திரம் ஆன் செய்த இருபது நிமிடம் கழித்துத்தான் தடுமாறும் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்து கொண்டேன். அந்த இருபது நிமிடத்துக்குள் எது முக்கியமோ அதை மட்டும் எடுக்க வேண்டும். ஆகவே முதலில் குழுக் கணக்கு போல்டர். அது இரண்டு எம்.பி. கூட இல்லை, பென் டிரைவுக்குச் சில விநாடியில் போய்விட்டது. அந்தப் பென் டிரைவை என் லேப்டாப்பில் செருகி, பைல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே மூச்சு விட்டேன். காப்பி ஆகிவிட்டது என்று திரை சொன்னால் போதாது; வேறொரு இயந்திரத்தில் திறந்து பாருங்கள். அதன் பிறகு டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போல்டர்கள். கல்யாணப் போட்டோக்கள் கடைசியில். போட்டோ என்று ஆரம்பித்தால் பத்து ஜி.பி. என்று இழுக்கும், நடுவில் நின்றுபோனால் கணக்கும் போயிருக்கும்.

விண்டோஸே திறக்காத நிலை என்றால் என்ன செய்வது? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா டிஸ்க்கை யு.எஸ்.பி.யில் இணைக்கும் கேபிள் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் படிக்கலாம். அல்லது லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து பூட் செய்தும் பைல்களை எடுக்கலாம். இதில் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள சில புதிய கம்ப்யூட்டர்களில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தவுடன் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும். அப்படியானால் 48 இலக்க ரெகவரி கீ இல்லாமல் வெளியே மாட்டிப் படிக்க முடியாது. அந்தக் கீ உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே, பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள்.

எப்போது நிற்கிறது?

அடுத்து நான் ஸ்குரு டிரைவரை எடுக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்தேன். டாக்டர் நாடி பிடிப்பதற்கு முன் "காய்ச்சல் சாயங்காலம் வருதா, ராத்திரி வருதா?" என்று கேட்பதில்லையா, அதுபோலத்தான். அக்காவையும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளையும் உட்கார வைத்துக் கேட்டதில், ஒரே வியாதி என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் மூன்று வியாதி என்று தெரிந்தது.

ஒன்று, ஆன் செய்து கால் மணி, இருபது நிமிடம் கழித்து எல்லாமே மெதுவாகிறது. மத்தியானத்தில் அதிகம், காலையில் குறைவு. இரண்டு, எந்த நேரம் என்று சொல்ல முடியாமல் நீலத் திரை வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழைப் பெயர். மூன்று, சில சமயம் நீலத் திரை கூட இல்லாமல் விளக்கை அணைத்தது போலப் பட்டென்று அணைந்து விடுகிறது. இந்த மூன்றாவதைப் பற்றி அக்கா மகள் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னாள்: "அம்மா மோட்டார் போட்டா ஆஃப் ஆயிடும் மாமா." ஆறு மாதமாக இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

நீங்களும் ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். நாள், நேரம், அப்போது திறந்திருந்த புரோகிராம், வீட்டில் ஓடிய மோட்டார், மிக்ஸி, ஏ.சி. இந்தக் காகிதத்தைக் காட்டினால் கடைக்காரரும் வேறு மாதிரி பேசுவார்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு டைரி எழுதுகிறது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் ஈவண்ட் வியூவர் இருக்கும். அதில் விண்டோஸ் லாக்ஸ், பின்னர் சிஸ்டம் எனச் செல்லவும். சிவப்புக் குறியிட்ட வரிகளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஆரோக்கியமான கம்ப்யூட்டரிலும் அவை நிறைய இருக்கும். நாம் தேடுவது கெர்னல் பவர் என்ற பெயரில் 41 என்ற எண். கம்ப்யூட்டர் முறைப்படி ஷட் டவுன் ஆகாமல் நின்றுபோனால், அடுத்த முறை ஆன் ஆகும்போது இந்த வரி எழுதப்படும். அதில் டீடெய்ல்ஸ் டேபைக் கிளிக் செய்தால் பக்செக் கோட் என்று ஒரு எண் தெரியும். அது பூஜ்யமாக இருந்தால், நீலத் திரை எதையும் பதிவு செய்ய நேரமில்லாமல் இயந்திரம் நின்றிருக்கிறது. பெரும்பாலும் மின்சாரம் அறுந்திருக்கும், அல்லது அப்படியே உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருப்பீர்கள். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது என்று பொருள்.

அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு மாதத்தில் இந்த 41 பல முறை பதிவாகியிருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் காலை ஆறரை, ஏழு மணிவாக்கில், பூஜ்யத்துடன். அது மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் நேரம்.

இதெல்லாம் வேண்டாம், சுலபமாக ஒரு படம் போதும் என்பவர்கள் ஸ்டார்ட் மெனுவின் தேடும் கட்டத்தில் ரிலையபிலிட்டி என்று டைப் செய்து, வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்பதைத் திறக்கலாம். எந்தத் தேதியில் என்ன புரோகிராம் நிறுவினீர்கள், எந்தத் தேதியிலிருந்து கிராஷ் ஆரம்பித்தது என்பது காலண்டர் போலத் தெரியும்.

விண்டோஸா, இயந்திரமா?

பார்மட் செய்யலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. உபுண்டு போன்ற ஏதாவது ஒரு லினக்ஸை இலவசமாக டவுன்லோட் செய்து பென் டிரைவில் ஏற்றிக் கொள்ளுங்கள். அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, 'ட்ரை' என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் நிறுவ வேண்டாம். அப்படியே ஒரு மணி நேரம் ஓடட்டும். அங்கேயும் நின்றுபோனால் குற்றம் விண்டோஸ் மீது இல்லை. நூறு முறை பார்மட் செய்தாலும் தீராது. அங்கே நன்றாக ஓடி, விண்டோஸில் மட்டும் கிராஷ் ஆனால், ஹார்ட் டிஸ்க்கையும் சமீபத்தில் நிறுவிய டிரைவர்களையும் சந்தேகிக்கலாம்.

அக்கா வீட்டில் உபுண்டுவும் முப்பத்தைந்தாவது நிமிடம் உறைந்து நின்றது. இரண்டு பார்மட்டும் வீண் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் ஒரு சந்தேகம் என்னைக் குடைந்தது. "பார்மட் பண்ணி வந்தப்புறம் ஒரு மாசம் நல்லாத்தானே ஓடிச்சு?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. விண்டோஸில் கோளாறு இல்லை என்றால் எப்படிச் சரியானது? பதில் பெட்டியைத் திறந்த பிறகு கிடைத்தது.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினட்டின் இடது பக்கத் தகட்டைக் கழற்றினேன். பிராசசர் மீதிருக்கும் ஹீட் சிங்க் என்ற அலுமினியச் சீப்பும் அதன் மேல் விசிறியும் கண்ணில் படுகின்றன. விசிறியை நான்கு ஸ்குரு கழற்றித் தனியாக எடுத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. விசிறிக்கும் சீப்புக்கும் நடுவில், கம்பளித் துணி விரித்தது போல ஒரு சாம்பல் நிறப் படலம். வெளியே இருந்து ஊதினால் மேல்தூசி மட்டும் பறக்கும். இந்தப் படலம் அசையாது.

கடைக்காரர் இரண்டு முறையும் பார்மட் செய்யும்போது பெட்டியைத் திறந்து ஊதியிருக்கிறார். ராம் கார்டைக் கழற்றித் திரும்பச் செருகியிருக்கிறார். இரண்டும் அவர் கை தன் பழக்கத்தில் செய்த வேலைகள். கூலி வாங்கியது பார்மட்டுக்கு; குணம் தெரிந்தது இவற்றால். கடையில் நன்றாக ஓடியதற்கு இன்னொரு காரணம், அங்கே தண்ணீர் மோட்டார் கிடையாது. கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பார்மட்டுக்குக் காசு கொடுக்கும் நாம், "தூசி தட்டினேன், நூறு ரூபாய் கொடுங்கள்" என்றால் கொடுப்போமா?

இப்போது மெதுவாவது ஏன் என்று பார்ப்போம். பிராசசர் ஓரளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். பல இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. முன்பெல்லாம் இந்தப் பாதுகாப்பு எல்லாப் பிராசசர்களிலும் இல்லை. 2001ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் வெளியிட்ட வீடியோ ஒன்று உலகம் முழுக்கப் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஓடும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்க்கைப் பிடுங்கினார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக் கொண்டு தப்பித்தது, அன்றைய ஏ.எம்.டி. அத்லான் புகைந்து போனது. இன்று எல்லாப் பிராசசர்களும் தப்பித்துக் கொள்கின்றன. ஆனால் அப்படித் தப்பிப்பதைத்தான் நாம் "கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிவிட்டது, வைரஸ்" என்கிறோம்.

இதை நீங்களே பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மானேஜர் வரும். பெர்பாமன்ஸ் டேபில் சி.பி.யூ. என்பதைக் கிளிக் செய்து, ஸ்பீட் என்ற எண்ணைக் கவனியுங்கள். வேலை அதிகமாக இருக்கும்போது அது மேலே போக வேண்டும். நான் பார்த்தபோது சி.பி.யூ. நூறு சதவீதம் வேலையில் இருந்தது, வேகமோ 3.2 கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுக்கும் கீழே. எச்.டபிள்யூ.மானிட்டர் என்ற இலவச புரோகிராம் வெப்பம் 98 டிகிரி என்றது.

விசிறி எவ்வளவு சுற்றினாலும் பிராசசரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் அறையே 35 டிகிரி என்றால் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம். மரப்பெட்டி மேஜைக்குள் கேபினட்டை அடைத்துக் கதவையும் மூடி வைப்பவர்கள் இன்னும் ஐந்து, பத்து டிகிரியைத் தாங்களே சேர்க்கிறார்கள்.

காரைக்கால் தூசி, மதுரைத் தூசி

உள்ளூர்த் தூசிக்கு ஒரு விசேஷம் உண்டு. மதுரையில் பெட்டியைத் திறந்தால் தூசி பொடியாகப் பறக்கும். கடற்கரை ஊரில் அது பிசுபிசுவென்று ஒட்டிக் கொண்டிருக்கும். காரணம் உப்பு. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத் துகள்களாகி வீட்டுக்குள் வருகின்றன. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்து விடும் குணம் உடையது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதைப் பார்க்கிறோமே, அதேதான். கரைந்த உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். மதர்போர்டு மீது படிந்த தூசி பகலில் வெறும் தூசி. ஐப்பசி மழை ராத்திரியில் அது மெல்லிய உப்புநீர்ப் பூச்சு. உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருடத்தில் துருப்பிடித்தது என்று பாருங்கள். அதே காற்றைத்தான் கேபினட் விசிறியும் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது.

நீலத் திரைக்குக் காரணம் இங்கேதான் இருந்தது. ராம் கார்டின் அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளில் இரண்டு, மூன்றில் மங்கலான பச்சைக் கறை. ராம் சரியாகத் தொடர்பு கொள்ளாவிட்டால், விண்டோஸ் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் தடுக்கி விழும். ஆகவே பிழைப் பெயர் ஒவ்வொரு முறையும் மாறி வந்தால் ராமைச் சந்தேகியுங்கள்; எப்போதும் ஒரே பெயர் வந்தால் ஏதாவது ஒரு டிரைவரைச் சந்தேகியுங்கள். இது எப்போதும் பலிக்கும் விதி அல்ல. ஆனால் தேடலை எங்கே தொடங்குவது என்று சொல்லும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. ராம் கார்டைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் பட்டைகளை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, 'டக்' என்ற சத்தம் வரும்வரை செருகவும். பெயிண்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்கி, விசிறியை விரலால் பிடித்துக் கொண்டு தூசியைத் தட்டவும். விசிறியைச் சுழல விட்டு ஊத வேண்டாம். பிசுபிசுப்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தண்ணீர், சானிடைசர், தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. ஹீட் சிங்க்கைக் கழற்றினால், பழைய பசையைத் துடைத்துவிட்டுத் தெர்மல் பேஸ்ட் புதிதாகத் துவரம்பருப்பு அளவு வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடித்து ஆன் செய்தபோது வெப்பம் 98லிருந்து 61க்கு இறங்கியது. பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஸ்டார்ட் மெனுவில் தேடி, ரீஸ்டார்ட் செய்து ராமைச் சோதித்தோம். பிழை இல்லை. பிழை வந்தால், இரண்டு ராம் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

பெட்டி திறந்திருக்கும்போதே மதர்போர்டில் நிற்கும் சிறிய உருளைகளான கப்பாசிட்டர்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு இருந்தாலோ அதுவும் கிராஷுக்குக் காரணம். 2000த்தின் முதல் சில ஆண்டுகளில் இந்தக் கோளாறு உலகம் முழுவதும் ஒரு கொள்ளைநோய் போலப் பரவியது. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக 2005ல் 30 கோடி டாலர் செலவை ஒதுக்க வேண்டி வந்தது. இன்றைய போர்டுகளில் திடநிலைக் கப்பாசிட்டர்கள் அதிகம் என்பதால் இது குறைந்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை வாங்கும் மின்சாரம் தங்கியிருக்கும். சந்தேகம் வந்தால் வேறு எஸ்.எம்.பி.எஸ். கடன் வாங்கி மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

மோட்டார் போட்டால் அணைவது

காரைக்கால் மாவட்டத்துக்குள்ளேயே, திருமலைராயன்பட்டினம் பக்கம் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்காக உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட்டில் மின்சாரம் ஆடாமல் நிற்கும் என்று அர்த்தமில்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து மீட்டர் வைத்துப் பார்த்தோம். 220 வோல்ட் காட்டியது, மோட்டார் கிளம்பும் நொடியில் 160க்கு இறங்கி மேலே வந்தது. ட்யூப்லைட் கண் சிமிட்டியது. அந்த நொடியில் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறுகிறது, பேட்டரியோ நான்கு வருடப் பழசு. கம்ப்யூட்டர் அணைந்தது.

வீட்டு யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி சுமார் இரண்டு, மூன்று வருடம்தான் உழைக்கும். பச்சை விளக்கு எரிவதை நம்பக் கூடாது. எல்லா பைல்களையும் மூடிவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாங்கவில்லை என்றால் பேட்டரி மாற்ற வேண்டும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டாம்; அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தை 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்காது.

எலெக்ட்ரீஷியன் இருக்கும்போதே எர்த்தையும் பார்க்கச் சொன்னேன். கேபினட்டைத் தொட்டால் ஜிவ்வென்கிறது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் சிறு கப்பாசிட்டர்கள் வழியாக மிகக் குறைந்த மின்சாரம் கேபினட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். எர்த் வயர் அதை நிலத்துக்கு அனுப்பும். எர்த் இல்லையென்றால் கேபினட் சுமார் 110 வோல்ட்டில் மிதக்கும். அதைத்தான் கை உணர்கிறது. கடலோரத்தில் எர்த் குழிக்குள் இருக்கும் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப் போகிறது. அக்கா வீட்டில் குழாயோடு வயரைப் பிணைத்த போல்ட் துருவாக உதிர்ந்து கிடந்தது. இதற்குக் குறுக்கு வழியாகச் சிலர் பிளக் பாயிண்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து விடுவார்கள். நியூட்ரல் அறுந்த அன்று கேபினட் முழுவதும் 230 வோல்ட் ஏறும். அனுமதிக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கும் விண்டோஸும்

ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுவைக்கவில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் டிஸ்க்கின் உடல்நிலையை ஒரு வார்த்தையில் சொல்லும். நீலத்தில் குட் என்றால் கவலை இல்லை. மஞ்சளில் காஷன் என்றால் முதலில் பேக்கப், பிறகு புதிய டிஸ்க். சரி செய்யப் பார்க்க வேண்டாம். அக்காவின் டிஸ்க் நன்றாகவே இருந்தது. ஆனாலும் சுழலும் பழைய ரக டிஸ்க் என்பதால், கையில் காசு சேரும்போது எஸ்.எஸ்.டி.க்கு மாறச் சொன்னேன். பழைய கம்ப்யூட்டருக்கு அதைவிட நல்ல செலவு இல்லை.

உண்மையிலேயே விண்டோஸ் கோளாறாக இருக்கும் வீடுகளும் உண்டு. இரண்டு ஆன்டி வைரஸ் ஒன்றோடொன்று சண்டை போடுவது, சி டிரைவ் நிரம்பி வழிவது, புதிதாக வந்த டிரைவர் ஒத்துக்கொள்ளாதது ஆகியவை வழக்கமான காரணங்கள். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ரீஸ்டார்ட் கிளிக் செய்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சேஃப் மோடுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால், கிராஷ் ஆரம்பித்த தேதிக்கு முன் நிறுவியதை நீக்கினாலே பெரும்பாலும் போதும்.

அக்காவின் கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. இன்டெல்லின் 6வது தலைமுறை பிராசசர், விண்டோஸ் 10. இதற்கான வழக்கமான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8வது தலைமுறையாவது வேண்டும். பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்கும் முன் இதைக் கேளுங்கள். கிராஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், வங்கிக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் என்றால் முக்கியம்.

மழைக்காலத்துக்கு முன்

கிளம்பும் முன் கேபினட்டைக் கிழக்கு ஜன்னல் ஓரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றி, தரையிலிருந்து ஒரு ஸ்டூல் மீது ஏற்றி வைத்தோம். வேலை முடிந்த கையோடு பிளாஸ்டிக் உறை போடும் பழக்கத்தை நிறுத்தச் சொன்னேன். உள்ளே ஈரம் சிறைப்படும். சூடு ஆறிய பிறகு மெல்லிய பருத்தித் துணி போதும். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாவிட்டாலும் தினமும் அரை மணி நேரம் ஆன் செய்து வைப்பது நல்லது. ஓடும் கம்ப்யூட்டர் தன் சூட்டில் தன்னை உலர்த்திக் கொள்ளும். மாதக் கணக்கில் அணைந்து கிடப்பதுதான் கடற்கரையில் சீக்கிரம் கெடுகிறது.

புயல் எச்சரிக்கை வந்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பவர் பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். 2008 நவம்பரில் நிஷா காரைக்கால் அருகே கரையைக் கடந்தது; 2018 நவம்பர் 16 அன்று கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கடந்தது. இரண்டையும் பார்த்தவர்களுக்கு மின்சாரம் போவது புதிதில்லை. கம்ப்யூட்டருக்கு ஆபத்து, அது திரும்பி வரும் நேரம். ஏறி இறங்கி, போய்ப் போய் வரும். விளக்கு ஒரு மணி நேரம் நிலையாக எரிந்த பிறகு பிளக்கைச் செருகினால் போதும்.

வங்கிக்குக் கணக்கு உரிய நாளில் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தபோது, கெர்னல் பவர் 41 ஒரு தடவைதான் வந்திருக்கிறது என்று அக்கா மகள் படித்துச் சொன்னாள். அன்றைக்குப் பூனை யு.பி.எஸ். சுவிட்சை மிதித்துவிட்டதாம். கேபினட் மீது தூசி தட்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பென் டிரைவ் குழுவின் பாஸ்புக்கோடு பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டம் முடிந்த இரவும் அது வெளியே வந்து, புதிய கணக்கை ஏற்றிக் கொண்டு திரும்பவும் பீரோவுக்குள் போகிறது.